பதினோரு மணித் தண்ணீர்

நகரம் காலையில் எழுந்து பல் துலக்குகிறது, குளிக்கிறது, பாத்திரம் தேய்க்கிறது, துணி அலசுகிறது. அத்தனை தண்ணீரும் குழாயில் இறங்கி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்கும்படி நேராமல் பார்த்துக்கொள்வதற்கே அவளுக்குச் சம்பளம். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தச் சம்பளத்தை அவள் குறையில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கழிவுநீர் நிலையத்தில் எல்லாரும் அவளை மூக்கக்கா என்றே கூப்பிட்டார்கள். காரணப் பெயர்தான். சைக்கிளை விட்டு இறங்குவதற்குள், "முதல் குளத்துல நுரை கட்டியிருக்கு, பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் கட்டியிருக்கும். திங்கட்கிழமைத் தண்ணீரில் சோப்பு வாசனை தூக்கலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஊரே துவைத்த துணி. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதுகூட மூன்றாம் நாள் அவளுக்கு மூக்கு வழியாகத்தான் தெரியவரும்.

"எங்க வீட்ல நேத்து என்ன சமையல்னு சொல்லுக்கா, உன் மூக்கை ஒத்துக்கறேன்" என்று பம்ப்காரன் சீண்டுவான்.

"உங்க வீட்ல நேத்து எங்கப்பா சமையல்? சண்டைதானே நடந்துச்சு."

"அதுகூடவா வாசனை அடிக்குது?"

"உன் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு. அதுக்கு மூக்கு எதுக்கு?"

பம்ப்காரனின் வேலை நகரத்துக் கழிவுநீரை மேலே ஏற்றிவிடுவது. ஏறிவரும் தண்ணீர் முதலில் ஒரு கம்பித் தடுப்பில் மோதும். அங்கே துணி, பிளாஸ்டிக், பொம்மை என்று ஊர் தொலைத்ததெல்லாம் சிக்கும். ஒருமுறை ஒரு பல்செட் சிக்கியது. அதைக் கொதிநீரில் போட்டுக் கழுவி, வாசலில் அறிவிப்பும் எழுதி ஒட்டினாள். நான்காம் நாள் ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டே வந்து நின்றார். "நல்லாக் கழுவினீங்களாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டு போனார்.

தடுப்பைத் தாண்டினால் மூன்று குளங்கள். முதலாவது ஆழமானது, கறுப்பு. கசடு அடியில் தங்கி அழுகும் இடம். இரண்டாவது பச்சை. மூன்றாவது ஐந்து ஏக்கர் அகலத்தில், இடுப்பளவு ஆழத்தில் வெயிலுக்கு முகம் காட்டிக் கிடக்கும். அங்கே பாசிதான் வேலைக்காரன். பாசி வெயிலைக் குடித்துத் தண்ணீருக்குள் பிராணவாயுவை விடும். அந்தப் பிராணவாயுவை வைத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்று தீர்க்கும். கடைசியில் ஒரு மதகு. அதைத் தாண்டினால் வாய்க்கால், பிறகு ஆறு.

கரையில் புல் வெட்டுவாள். எலி தோண்டிய வளைகளை அடைப்பாள். மூங்கில் கழியால் நுரைக்கட்டியை உடைப்பாள். இதில் புகழ்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே வேலையைப் பத்தொன்பது ஆண்டுகள் கவனம் சிதறாமல் செய்தாள், அவ்வளவே. அந்த அவ்வளவைச் செய்து முடித்தவர்கள் என்று நமக்குத் தெரிந்தவர்களை எண்ணினால் ஒரு கை விரல்கள் மிஞ்சும்.

சிக்கல் ஒரு கோடையில் வந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரில் மீன்கள் செத்து மிதந்தன. நகராட்சிக்குப் புகார் வந்தது. பழைய குளங்களை நம்பிப் பயனில்லை என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. மூன்று வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, பெரிய காங்கிரீட் தொட்டிகள் கட்டி இராப்பகலாக மோட்டாரால் காற்று ஊதுவது. இரண்டு, தலைமுடியைவிட நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வில் தண்ணீரை அழுத்தி வடிகட்டும் இயந்திரம். மூன்று, இருக்கும் குளங்களைத் தூர்வாரிச் சீர்படுத்துவது. முதல் இரண்டுக்கும் வழவழப்பான காகிதத்தில் வண்ணப் படங்கள் இருந்தன. மூன்றாவதற்கு மூக்கக்காவைத் தவிர வேறு விளம்பரம் இல்லை.

குளங்கள் போனால் அந்த நிலத்தில் கடைகள் கட்டலாம் என்று உறுப்பினர் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். அவளுக்கும் இடம் பார்த்தாயிற்று.

"வரி கட்டுற கவுண்டர்ல உங்களுக்கு நாற்காலி போட்டுடலாம்மா. ஃபேன் உண்டு, வெயில் இல்ல" என்றார் நிலையத்துப் பொறியாளர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

"அங்க என் மூக்குக்கு என்ன சார் வேலை?"

மூன்று வழிகளையும் எடைபோட்டுச் சொல்ல வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலி, கரையில் ஏறும்போதெல்லாம் முனகுவார். எதைப் பார்த்தாலும் குறித்துக்கொண்டதால், வந்த இரண்டாம் நாளே பம்ப்காரன் அவருக்குக் கணக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டான். அவர் கேட்ட கேள்விகள் விசித்திரமாக இருந்தன. புல்வெட்டும் இயந்திரத்துக்கு மாதம் எத்தனை லிட்டர் பெட்ரோல்? தடுப்பில் வாரும் குப்பை எந்த லாரியில், எவ்வளவு தூரம் போகிறது? கரையில் பதித்த கல் எங்கிருந்து வந்தது?

"இதெல்லாம் எதுக்கு சார்? தண்ணி சுத்தமாகுதான்னு பாத்தாப் போதாதா?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு காகிதத்தில் நிலையத்தை வரைந்து அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார். "கோட்டை இங்க போட்டா, அந்தச் சவ்வு மெஷின்தான் முதல் மார்க். தண்ணி கண்ணாடி மாதிரி வரும். ஆனா அதுக்குக் கரண்ட் வேணும். கரண்டுக்கு எங்கயோ கரி எரியுது. அந்தப் புகையை யார் கணக்குல எழுதறது?" கோட்டை அழித்துப் பெரிதாக வரைந்தார். "எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை சவ்வை மாத்தணும். பழசை எங்க போடுவாங்க? காத்தூதற தொட்டியில தினமும் கசடு சேரும், தினமும் லாரி. அதையும் உள்ள கொண்டுவரணும்."

அவளுக்கு அந்தக் கோடு பிடித்துப்போயிற்று. அழுக்கு இல்லாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பதைத் தடுப்பின் முன்னால் நின்று அவள் வெகுநாள் முன்பே கண்டிருந்தாள். அதைக் கோடு போட்டுச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். மறுநாளே அந்தக் கோடு அவளையும் சுட்டது. முதல் குளத்தின் ஓரத்தில் குந்தியபடி, மேலே வரும் குமிழிகளை மதிப்பீட்டாளர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இந்த வாயு காத்தைச் சூடாக்கும்மா. கரிப்புகையைவிடப் பல மடங்கு."

"குமிழியைக்கூடவா எங்க பேர்ல எழுதப் போறீங்க?"

"பின்ன? அவங்க புகையை எழுதிட்டு உங்க குமிழியை விட்டா நான் என்ன மதிப்பீட்டாளர்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் மனிதர் மேல் மதிப்பு கூடியது.

மூன்றாம் வாரம் அவர் அட்டவணையின் முதல் வரைவைக் காட்டினார். குமிழியைக் கழித்த பிறகும் குளங்கள்தான் முன்னால் நின்றன. மற்ற இரண்டுக்கும் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கே போதும். மின்சாரம் பம்புக்கு மட்டும். வெளியேறும் தண்ணீரில் பிராணவாயு லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம். நான்குக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. ஒன்பது என்றால் ஆற்றுத் தண்ணீரே வெட்கப்பட வேண்டும்.

"பத்தொன்பது வருஷமும் இதே அளவு. அசத்திட்டீங்கம்மா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒன்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிராணவாயு அளக்கும் கருவி நிலையத்தில் இல்லை. சுற்றுவட்டாரத்து ஐந்து நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே கருவி. அது ஆய்வகத்து ஜீப்பில் சுற்றிவரும். ஜீப் இங்கே வரும் நேரம் பதினோரு மணி. டிரைவர் வழியில் டீ குடித்தால் பதினொன்றே கால். பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் குளத்தின் தண்ணீர் என்பது பதினோரு மணித் தண்ணீர்தான். பதிவேட்டில் தேதிக்குக் கட்டம் இருந்தது; நேரத்துக்குக் கட்டமே கிடையாது. யாரும் ஏமாற்றவில்லை. ஜீப் வந்தபோது அளந்தார்கள்.

ஆனால் அவளுக்குத் தெரியும். விடிகாலை ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு வரும்போது மூன்றாவது குளத்தின் வாசனை வேறு. வெயில் இல்லாத நேரத்தில் பாசி பிராணவாயுவைத் தருவதில்லை. அதுவே இருப்பதை எடுத்து மூச்சுவிடும். அப்போது மதகுக்கு வெளியே வாய்க்காலில் சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எட்டு மணி வெயிலில் எல்லாம் சரியாகிவிடும். குளம் தூங்கி எழுகிறது என்றுதான் இத்தனை காலமும் அவள் நினைத்திருந்தாள். அது எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டிய செய்தி என்று தோன்றியதில்லை.

பம்ப்காரனிடம் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், வாயை மூடிட்டு இரு. அவரே கேக்கல. நீ போய் வாய்விட்டா நாளைக்கே குளத்தை மூட மண்ணு லாரி வந்து நிக்கும். பதினோரு மணி பதினோரு மணியாவே இருக்கட்டும்."

"மீன் செத்துச்சேப்பா."

"மீன் வந்து சாட்சி சொல்லுச்சா?"

வீட்டில் அவள் கணவன் தையல்காரன். முன்னறையில் இயந்திரம்; சுவரெல்லாம் வெட்டிய துணி. அன்று அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவன் பக்கத்தில் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பொத்தான் டப்பாவில் வெள்ளையும் போய் விழுந்தது.

"என்ன, இன்னிக்கு மூக்கு அடைச்சிருக்கா? பேச்சையே காணோம்" என்றான்.

முழுவதையும் சொன்னாள். அவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

"அளவெடுக்க வர்றவங்கள்ல பாதிப்பேரு வயித்தை உள்ள இழுத்துக்குவாங்க. நானும் பேசாம டேப்பைப் பிடிச்சு எழுதிக்குவேன். சட்டையைக் குடுத்த அன்னிக்கு அவரு மூச்சு விட்டதும் பட்டன் தெறிக்கும். அப்ப என்ன சொல்லுவாரு தெரியுமா? 'உனக்குத் தைக்கத் தெரியல'ம்பாரு."

"நான் இழுத்துப் பிடிக்கச் சொல்லலையே. ஜீப் வந்த நேரம் அது."

"சரி. இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? இனிமே பிடிச்சா நீதானே பிடிக்கற?"

அவள் வெள்ளைப் பொத்தானைத் தேடி எடுத்து அதன் டப்பாவில் போட்டாள்.

மறுநாள் மதிப்பீட்டாளரிடம் நேராகப் போய், "சார், அந்த ஜீப்புக் கருவியை ஆறு நாள் இங்க விட்டுவைக்கச் சொல்லுங்க. விடிகாலைல அளக்கணும்" என்றாள். ஏன் என்று கேட்டார். சொன்னாள். அவர் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டி, அந்த ஒன்பதின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். நேரம் என்ன என்று கேட்கத் தவறியது தன் பிழையும்தான் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இதுல குளம் தோத்துப்போனாலும் நான் எழுதத்தான் செய்வேம்மா."

"எழுதுங்க. குமிழியையே எழுதிட்டீங்க."

ஆறு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். பகல் அளவுகள் அவருடையவை, விடியல் அளவுகள் அவளுடையவை. பிற்பகல் மூன்றுக்குப் பதினான்கு வந்தது. விடிகாலை ஐந்துக்கு முதல் நாள் ஒன்று. நான்காம் நாள் பூஜ்யம் புள்ளி நான்கு. அவள் கருவியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தாள். அதே புள்ளி நான்கு. எழுதினாள், நேரமும் எழுதினாள், கீழே கையெழுத்தும் போட்டாள்.

பொறியாளருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, பத்தொன்பது வருஷ ரிப்போர்ட்டைப் பொய்னு நீங்களே சொல்றீங்களா?"

"பொய்யில்ல சார். பாதி."

அந்தப் பாதியைச் சொன்ன பிறகுதான் மறு பாதியைப் பற்றி யோசிக்க அவளுக்கு மனம் வந்தது. மறைக்கிற காரியத்துக்கு மருந்து தேடத் தோன்றாது போலும். ஏழாம் நாள் மதகின் மேல் நின்றபடி மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டாள்.

"சார், தண்ணி கெட்ட நேரத்துல வெளிய போறதுதானே பிரச்சனை? அந்த நேரத்துல அதை விடாம இருந்தா?"

"எப்படி?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்த மதகு துருப்பிடிச்சு ஒரு ராத்திரி முழுக்க மூடியே கிடந்துச்சு. நான் பயந்து ஓடிவந்தேன். காலைல பாத்தா தண்ணி நாலு விரல்தான் ஏறியிருந்துச்சு. கரைக்கு இன்னும் முழங்கை உயரம் பாக்கி."

அவர் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இரவில் வரும் தண்ணீர் பன்னிரண்டு லட்சம் லிட்டர். குளத்தின் பரப்பு ஐந்து ஏக்கர். நிமிர்ந்தபோது முழங்கால் வலியையும் மீறி முகம் மலர்ந்திருந்தது.

"உங்க நாலு விரல் எனக்கு ஆறு சென்டிமீட்டர்னு வருதும்மா."

"என் விரல் கொஞ்சம் பருமன்."

மூன்று நாள் சோதித்தார்கள். இரவு ஒன்பதுக்கு மதகை மூடி, காலை ஒன்பதரைக்குத் திறந்தார்கள். திறக்கும்போது பிராணவாயு ஆறு. மேகம் மூடும் நாட்களில் இது போதாது என்று மதிப்பீட்டாளரே மறுத்துச் சொல்லி, அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு சிறிய காற்றூதியைச் சேர்த்தார். பத்தொன்பது ஆண்டுக் கசடை வாரும் செலவையும் ஏற்றினார். குமிழி அப்படியே கரும்புள்ளியாக நின்றது. அட்டவணையில் நான்காவது பத்தி ஒன்று உண்டாயிற்று: நேரம் பார்த்துத் திறக்கும் குளம்.

நகராட்சிக் கூட்டத்துக்கு அவளையும் வரச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். கடை கட்ட நினைத்த உறுப்பினர் அறிக்கையைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுந்தார்.

"விடிகாலைல இந்தக் குளத்துத் தண்ணி லாயக்கில்லைன்னு ரிப்போர்ட்டே சொல்லுது. நாறுதா இல்லையா? அங்க வேலை பாக்கறவங்களே சொல்லட்டும்."

அவள் எழுந்தாள். "நாறுதுங்க. அஞ்சு மணிக்கு நல்லாவே நாறும். அதை அளந்து எழுதிக் குடுத்ததே நான்தான்."

சபையில் சிரிப்பு எழுந்தது. உறுப்பினர் விடவில்லை. "அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"எப்ப நாறும்னு மணி சொல்லத் தெரியுது. அதனால அந்த நேரத்துக்கு மூடத் தெரியுது. மெஷின் வேண்டாம்னு நான் சொல்லலைங்க. ஆனா கரண்ட் போனா அது எத்தனை மணிக்கு நாறும்னு அந்தக் கலர் புத்தகத்துல போட்டிருக்கான்னு பாருங்க."

உறுப்பினர் உண்மையாகவே புரட்டிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை.

இன்னொருவர் மதிப்பீட்டாளரைக் கேட்டார். "முன்னாடி ஒன்பதுன்னாங்க, இப்ப புள்ளி நாலுங்கறாங்க. இந்த நம்பரை மட்டும் எப்படி நம்பறது?"

"தப்பான அளவுன்னா பொதுவா அது குடுக்கறவங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கும்" என்றார் அவர். "இது அவங்க பக்கத்துக்கு எதிரா அவங்களே கொண்டுவந்தது. என் அறிக்கையில நான் ரெண்டாவது தடவை சரிபார்க்காத எண் ஒண்ணு இருக்குன்னா, அது இந்தப் புள்ளி நாலுதான்."

பதின்மூன்றுக்கு எட்டு என்ற கணக்கில் குளங்கள் பிழைத்தன. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. வடக்கே வளரும் புதிய தெருக்களுக்குச் சிறிய காற்றூதும் தொட்டி ஒன்று வரும். பதினைந்து ஆண்டு கழித்து எல்லாவற்றையும் மறுபடி எடைபோடுவார்கள். பதிவேட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கப்படும். நிலையத்துக்கென்று தனிக் கருவி ஒன்று வாங்கப்படும். பொறியாளர் வெளியே வந்து, வரி கவுண்டர் நாற்காலியைப் பற்றிப் பேசாமல், அறிக்கையின் பிரதி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். அவர் கொடுத்த பாராட்டு அதுதான். போதுமானதாகவும் இருந்தது.

வீட்டில் தையல்மேசையின் மேல் துணிகளை ஒதுக்கிவிட்டு அறிக்கையை விரித்தாள். கணவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். நான்காவது பத்தி, மதகு, ஆறு சென்டிமீட்டர், செலவுக் கணக்கு எல்லாவற்றையும் தாண்டிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனாள். ஓர் அட்டவணையில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இதைப் பாருங்க."

அவன் படித்தான். "விடிகாலை அஞ்சு. பூஜ்யம் புள்ளி நாலு. ஏம்மா, இருக்கறதுலயே மோசமான நம்பர் இதுதானே?"

"ஆமா" என்றாள். "இது நான் எடுத்தது."